பழைய கணினியில் சொல்செயலி ஓட மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

பழைய கணினியைத் தூசு தட்டி எடுத்து, கடிதமோ கட்டுரையோ அடிக்கலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒரே வேலைதான். சொல்செயலியின் ஆகப் புதிய பதிப்பை இறக்கி, அது ஓடவில்லை என்றதும் "மிஷின் போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மிஷின் எங்கேயும் போகவில்லை. 2005 இல் வாங்கிய கணினிக்கு 2025 இல் வந்த மென்பொருளைக் கொடுத்தால் அது வேறென்ன செய்யும்? அந்தக் கணினியின் விண்டோஸுக்கு வந்த கடைசிப் பதிப்பு எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. மீதிப் பாதி, வெளியிலிருந்து வரும் கோப்புகளை அதற்குப் புரிய வைப்பது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரன் பெட்டியைத் திறந்து "வின்வெர்" (winver) என்று ஆங்கிலத்தில் அடித்தால் விண்டோஸின் பெயரும் சர்வீஸ் பேக் (திருத்தங்களின் பெரிய தொகுப்பு) எண்ணும் வரும். அதே பெட்டியில் "எம்எஸ்இன்ஃபோ32" (msinfo32) அடித்தால் ரேம் எவ்வளவு, சிஸ்டம் டைப் என்ன என்று தெரியும். அங்கே "எக்ஸ்86" என்று இருந்தால் உங்கள் விண்டோஸ் 32 பிட், "எக்ஸ்64" என்று இருந்தால் 64 பிட். பிராசசர் 64 பிட்டாகவே இருந்தாலும் அதன்மேல் 32 பிட் விண்டோஸ் இருந்தால் 64 பிட் மென்பொருள் ஓடாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

எதற்கு எது பொருந்தும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா இரண்டுக்கும், சொல்செயலியை உள்ளடக்கிய இலவச ஆபிஸ் தொகுப்பான லிப்ரெஆபிஸின் கடைசி வரிசை 5.4. அதில் 5.4.7 ஐத் தேடி எடுங்கள். 2018 ஜனவரியில் வந்த 6.0 முதல் குறைந்தது விண்டோஸ் 7, அதுவும் சர்வீஸ் பேக் 1 வேண்டும். விண்டோஸ் 7, 8, 8.1 வைத்திருப்பவர்களுக்கு 25.2 வரிசை வரை வழி உண்டு, 25.8 இல் மூன்றுக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள். 7.6 க்குப் பிறகு எண் திடீரென்று 24.2 ஆகிவிட்டதே என்று குழம்ப வேண்டாம். ஆண்டையும் மாதத்தையும் வைத்து எண் போடத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் பக்கம் போனால், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 இல் ஆபிஸ் 2003, 2007, 2010 ஓடும். 2013 க்கு விண்டோஸ் 7 வேண்டும். 2016 விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 வரை இறங்கி வரும். 2019 க்கு விண்டோஸ் 10 இல்லாமல் முடியாது. விண்டோஸ் 98 வைத்திருக்கும் ஓரிருவருக்கு ஓப்பன்ஆபிஸ் 2.4 தான் எல்லை. 3.0 இல் 98 ஐக் கைவிட்டுவிட்டார்கள்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

"நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்" என்று சொல்லி நின்றுவிடுகிறது

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்று இருக்கும். 64 பிட் கோப்பை 32 பிட் விண்டோஸில் சொடுக்கியிருப்பீர்கள். அல்லது அந்த மென்பொருளை எக்ஸ்பிக்குப் பிந்தைய விண்டோஸுக்கு என்றே தயாரித்திருப்பார்கள். இல்லையென்றால் கோப்பு பாதியில் அறுந்து இறங்கியிருக்கும்.

கடைசிக் காரணத்தை முதலில் பாருங்கள், அதற்கு ஒரு நிமிடம் போதும். இறக்கிய கோப்பை வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பார்த்து, தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். 200 எம்பிக்கு மேல் இருக்க வேண்டியது 40 எம்பியில் நின்றிருந்தால் வேறெதையும் நோண்ட வேண்டாம், மறுபடி இறக்குங்கள். அளவு சரியாக இருந்தால் கோப்பின் பெயரைக் கவனியுங்கள். "எக்ஸ்64" என்று பெயரிலேயே இருக்கும், நாம்தான் படிக்க மாட்டோம். பதிவிறக்கப் பக்கம் தானாக ஊகித்துக் கொடுப்பதை நம்பாதீர்கள். நீங்கள் எந்தக் கணினியிலிருந்து பக்கத்தைத் திறந்தீர்களோ, அந்தக் கணினிக்கு உரியதைத்தான் அது நீட்டும். புதுக் கணினியில் இறக்கிப் பழையதற்குக் கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் விழுந்து எழுந்தவர்கள்.

எம்எஸ்ஐ வகை நிறுவல் கோப்பாக இருந்தால் இதே தவறுக்கு வேறு செய்தி வரும். இந்த பிராசசர் வகைக்கு இந்த நிறுவல் பொதி ஆதரவில்லை என்ற பொருளில் ஒன்று. படித்ததும் பிராசசரே பழுது என்று தோன்றும். அப்படி ஒன்றுமில்லை, 32 பிட் பொதியை எடுத்தால் தீர்ந்தது. லிப்ரெஆபிஸின் பழைய பதிப்புகள் எல்லாம் அவர்களுடைய பதிவிறக்கக் காப்பகத்தில் எண் வாரியாக அப்படியே இருக்கின்றன. எங்கிருந்தோ வந்த "எல்லாம் அடங்கிய ஆபிஸ்" பொட்டலங்களைத் தொடவே தேவையில்லை.

டிஎல்எல் காணவில்லை என்கிறது, அல்லது "ப்ரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" என்று ஏதோ புலம்புகிறது

டிஎல்எல் என்பது மென்பொருள் ஓடத் தேவைப்படும் துணைக்கோப்பு. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றுபோல் தோன்றும், ஆனால் வேறு வேறு. "என்ட்ரி பாயின்ட்... கெர்னல்32" என்று வந்தால் அந்த மென்பொருள் உங்கள் விண்டோஸில் இல்லாத ஒரு வசதியைக் கேட்கிறது. அதற்கு மருந்து கிடையாது, பழைய பதிப்புக்கு இறங்குங்கள்.

"ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி" என்று தொடங்கும் டிஎல்எல் இல்லை என்று வந்தால் மருந்து உண்டு. விண்டோஸ் 7 ஐ மறுபடி நிறுவிவிட்டு அப்டேட் எதுவும் போடாமல் விட்டிருக்கும் கணினிகளில் இது வாடிக்கை. சர்வீஸ் பேக் 1 ஐப் போட்டு, அதன்மேல் கேபி2999226 என்ற அப்டேட்டைப் போட்டால் போதும். இணையத்தில் "விடுபட்ட டிஎல்எல்லை இங்கே இறக்கவும்" என்று ஆயிரம் தளங்கள் கையைப் பிடித்து இழுக்கும். போகாதீர்கள். ஒரு டிஎல்எல்லைக் கொண்டுவந்து போட்டால் அடுத்ததைக் கேட்கும், அதைப் போட்டால் அதற்கடுத்தது. கூடவே எது வந்து உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

மென்பொருளை இறக்கவே முடியவில்லை

இந்த அறிகுறியில் நானே இரண்டு மாலைகளைத் தொலைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் கொடுத்த எக்ஸ்பி மடிக்கணினி, 512 எம்பி ரேம். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை. பிரவுசரை மாற்றினேன், வைரஸ் தேடினேன், இணைய ரூட்டரைக்கூடச் சந்தேகித்தேன். இரண்டாம் நாள் தற்செயலாகத் திரையின் வலது மூலையில் சுட்டியை வைத்தபோது தேதி எட்டிப் பார்த்தது: 2002 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கடிகாரம் ஆதி காலத்துக்குப் போய்விட்டிருக்கிறது. 2002 இல் நிற்கிற கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான் இருக்கும், மாற்றுவது எளிது. சில மடிக்கணினிகளில் அதை எடுக்க அடிவயிறு வரை பிரிக்க வேண்டும். அதற்குத் துணிவில்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேதியைக் கையால் திருத்திக்கொள்ளுங்கள்.

தேதி சரியாக இருந்தும் தளம் திறக்கவில்லையா? எக்ஸ்பியோடு இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு இணைப்பு முறை தெரியாது. எக்ஸ்பிக்கு வந்த கடைசி குரோம் 49, கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52 வரிசை. ஃபயர்ஃபாக்ஸ் 52 டிஎல்எஸ் 1.2 ஐப் பேசும், அதனால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் என் கருத்தைக் கேட்டால், எக்ஸ்பியை இணையத்தில் இணைக்கவே வேண்டாம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 ஓடு நின்றுவிட்டன. வேறு கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பென் டிரைவைச் செருகியதும் "இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?" என்று எக்ஸ்பி கேட்டால், தயவுசெய்து "நோ" சொல்லுங்கள். பென் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது, அது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கிறது. கேபி955704 அப்டேட் இல்லாத எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட்டைப் படிக்கத் தெரியாது. "யெஸ்" அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். புதுக் கணினியில் அதிலிருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து எடுத்துவாருங்கள்.

நிறுவியாகிவிட்டது, திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். எக்ஸ்பியில் "கமிட் சார்ஜ்" என்றும் "ஃபிசிக்கல் மெமரி" என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கும். கமிட் சார்ஜின் மொத்தம் ஃபிசிக்கல் மெமரியின் மொத்தத்தைத் தாண்டியிருந்தால் சொல்செயலியைத் திட்டிப் பயனில்லை. ரேம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கை ரேமாக்கிக்கொண்டு தவிக்கிறது. மூலையில் கடிகாரத்துக்கு அருகே வரிசையாக உட்கார்ந்திருக்கும் குட்டிப் படங்களில் பாதியையாவது வெளியேற்றுங்கள். கிடைத்தால் ரேமைக் கூட்டுங்கள். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் அனுபவம்.

லிப்ரெஆபிஸில் மட்டும் சுணக்கம் என்றால், டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் ஜாவாவைப் பயன்படுத்து என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கடிதம் அடிக்க ஜாவா தேவையே இல்லை, தரவுத்தளப் பகுதிக்கும் சில துணைக் கருவிகளுக்கும்தான் வேண்டும். நிறுவும்போதே "கஸ்டம்" என்பதைத் தேர்ந்து, ரைட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையும் வேண்டாத மொழி அகராதிகளையும் கழற்றிவிடலாம்.

256 எம்பி ரேம்தான் இருக்கிறது என்றால் லிப்ரெஆபிஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். அபிவேர்டு என்ற சிறிய சொல்செயலியைப் பாருங்கள். விண்டோஸுக்கு அதன் கடைசி நிலையான பதிப்பு 2.8.6, 2010 இல் வந்தது. இறகு போல இருக்கும். சிக்கலான அட்டவணைகளில் கொஞ்சம் தடுமாறும், ஆனால் நான்கு பக்கக் கடிதத்துக்குக் குறை சொல்ல முடியாது. அதுவும் வேண்டாம் என்றால் விண்டோஸோடு வரும் வேர்டுபேடே இருக்கிறது. எழுத்தைத் தடிமனாக்கி, பத்தி பிரித்து, அச்சடிக்க அது போதும். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் பழைய கணினிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

திறந்ததும் சன்னல் கறுப்பாக நிற்கிறது, அல்லது உடனே மூடிக்கொள்கிறது

கறுப்புச் சன்னல் என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவரோடு சண்டை. 5 ஆம் வரிசையில் ஓப்பன்ஜிஎல், 7.0 முதல் ஸ்கியா என்று திரையில் வரைவதற்கு லிப்ரெஆபிஸ் கிராஃபிக்ஸ் கார்டின் உதவியைக் கேட்கிறது. பழைய கார்டுக்கு அது ஆகாது. ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்துக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சன்னலே தெரியாதபோது எப்படிப் போவது என்கிறீர்களா? 5.3 முதல் "சேஃப் மோட்" வந்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் லிப்ரெஆபிஸ் குழுவுக்குள்ளேயே அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் திறந்தால் வன்பொருள் உதவியை அணைக்கும் தேர்வு முதல் பெட்டியிலேயே வரும்.

திறந்த கையோடு மூடிக்கொண்டால் அமைப்புகள் இருக்கும் கோப்புறை கெட்டிருக்கும். அப்ளிகேஷன் டேட்டாவுக்குள் லிப்ரெஆபிஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். அந்த யூசர் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள், அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். 5 ஆம் பதிப்பை நிறுவியிருந்தாலும் அங்கே 4 என்றுதான் இருக்கும், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய்விடாதீர்கள்.

தமிழ் உடைந்து தெரிகிறது

இதில் மூன்று விதமான உடைசல்கள் உண்டு. எது உங்களுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள், மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை: எழுத்துகள் தமிழ்தான், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. "கொடி" என்று அடித்தால் க தனியாக நிற்கும், அதன் பின்னால் புள்ளி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு கொம்பும் ஒரு காலும். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது விண்டோஸின் வேலை. எக்ஸ்பியில் அந்த வேலைக்காரனைத் தூங்க வைத்திருப்பார்கள். கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்டு லாங்வேஜ் ஆப்ஷன்ஸ், அதில் லாங்வேஜஸ் பக்கம், அங்கே காம்ப்ளக்ஸ் ஸ்க்ரிப்ட் கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். எக்ஸ்பி சிடியைக் கேட்கும். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும், லதா எழுத்துருவும் சேர்ந்து வரும். சிடி தொலைந்துவிட்டதா? லிப்ரெஆபிஸ் 5.3 முதல் ஹார்ஃபஸ் என்ற தன் சொந்த இயந்திரத்தைக் கொண்டே எழுத்தைக் கோக்கிறது. நல்ல யூனிகோடு தமிழ் எழுத்துரு ஒன்றை மட்டும் ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டுவிட்டு 5.4 இல் முயன்று பாருங்கள். எக்ஸ்பியில் தமிழ் அடிக்க 5.4 தான் சரி என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் வகை: எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஓரிரு எழுத்து மட்டும் கட்டமாக இருக்கிறது. பெரும்பாலும் அது ஶ ஆகவோ ௐ ஆகவோ இருக்கும். ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005 இல், ௐ 2008 இல். 2001 இல் வந்த எழுத்துருவுக்கு அவற்றின் முகம் எப்படித் தெரியும்? புதிய எழுத்துரு ஒன்றைப் போடுங்கள், கட்டம் மறைந்துவிடும்.

மூன்றாம் வகைதான் பலரை அழ வைப்பது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அடித்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. கோப்பு கெட்டுப்போனதாக நினைத்து அழித்துவிடாதீர்கள். அது பாமினி, டிஸ்கி, டேப் போன்ற பழைய குறியேற்றம் ஒன்றில் அடித்தது. பாமினியில் "தமிழ்" என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு கணினியில் இருந்தவரை ஜே என்ற இடத்தில் த தெரிந்தது, எழுத்துரு போனதும் வேஷம் கலைந்துவிட்டது. அதே எழுத்துருவை மறுபடி நிறுவினால் படிக்கலாம், அச்சடிக்கலாம். ஆனால் தேடவோ வேறு கணினிக்கு அனுப்பவோ வேண்டுமென்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் கொடுத்து யூனிகோடாக மாற்றிக்கொள்வதுதான் நிரந்தர வழி. இடையில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவற்றையும் தமிழாக்கிக் கூத்தடிக்கும், மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

அடிக்கும் முறையைப் பற்றி ஒரு வரி. எக்ஸ்பியோடு வரும் தமிழ் விசைப்பலகை பலருக்குப் பழக்கமில்லாதது. தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்கள் என்எச்எம் ரைட்டரையோ இ-கலப்பையையோ போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் எக்ஸ்பியில் ஓடுபவை.

லிப்ரெஆபிஸில் எழுத்துருவை மாற்றினேன், ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அசையவில்லை என்பார்கள். அது தமிழை "சிடிஎல்" என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆப்ஷன்ஸில் லாங்வேஜ் செட்டிங்ஸ் போய் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்கு டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு எஃப்11 அழுத்தி, டீஃபால்ட் ஸ்டைலை மாடிஃபை செய்யப் போனால் எழுத்துருப் பக்கத்தில் கீழே சிடிஎல் எழுத்துருவும் அதன் அளவும் தனியாக இருக்கும். மாற்ற வேண்டியது அங்கேதான்.

யாரோ அனுப்பிய கோப்பு திறக்கவில்லை, அல்லது "பிகே" என்று தொடங்கும் கிறுக்கலாக வருகிறது

அந்தப் "பிகே" ஒரு நல்ல தடயம். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. ஆபிஸ் 2007 ஓடு வந்த டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டைதான், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள். அதனால்தான் வேர்டு 2003 போன்ற பழைய மென்பொருள் அதைத் திறக்கும்போது மூட்டையின் முடிச்சை அப்படியே காட்டுகிறது.

முன்பெல்லாம் இதற்கு மைக்ரோசாஃப்டே ஒரு கம்பேட்டிபிலிட்டி பேக் கொடுத்தது. 2018 இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நேர்வழி லிப்ரெஆபிஸ் 5.4 இல் திறப்பது. ஓப்பன்ஆபிஸ் 4.1 உம் டாக்எக்ஸைத் திறக்கும், ஆனால் அந்த வடிவத்தில் சேமிக்காது. திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டிய வேலை இருந்தால் இந்த வேறுபாடு முக்கியம்.

எந்த மென்பொருளும் கைகொடுக்காதபோது ஒரு கைவைத்தியம். எக்ஸ்பியில் கோப்பின் பின்னொட்டு மறைந்திருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்துக்குப் போய் "ஹைடு எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக்கை எடுங்கள். கோப்பை ஒரு நகல் எடுத்து, நகலின் டாக்எக்ஸ் பின்னொட்டை ஜிப் என்று மாற்றுங்கள். கணினி எச்சரிக்கும், பரவாயில்லை. இருமுறை சொடுக்கினால் மூட்டை அவிழும். உள்ளே "வேர்டு" என்ற கோப்புறை, அதற்குள் "டாக்யுமென்ட்" என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. அதை வெளியே இழுத்து நோட்பேடில் திறந்தால் ஒரே நீள வரியாகக் கோண அடைப்புகள் நிறைந்திருக்கும், அவற்றுக்கு நடுநடுவே கடிதத்தின் வாசகம் முழுவதும் கிடக்கும். படங்கள் வேண்டுமென்றால் பக்கத்திலேயே "மீடியா" கோப்புறையில் இருக்கின்றன. அழகாக இருக்காது. ஆனால் திறக்கவே முடியாது என்று கைவிட்ட ஒரு கோப்பின் கடைசிப் பத்தியை இந்த வழியில் மீட்டுக் கொடுத்திருக்கிறேன். பழைய டாக் கோப்புக்கு இந்த வித்தை பலிக்காது, அது ஜிப் இல்லை.

வேர்டுபெர்ஃபெக்ட், மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ், லோட்டஸ் வேர்டுப்ரோ காலத்துக் கோப்புகள் வந்தால் சுற்ற வேண்டாம், நேரே லிப்ரெஆபிஸுக்குப் போங்கள். புதிய வேர்டைவிடப் பழைய வடிவங்களை அது அதிகம் அறியும். ஒரு முறை திறந்ததும் ஓடிடியாகவோ ஆர்டிஎஃப் ஆகவோ சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய மேக் வைத்திருப்பவர்களுக்கு: 10.5 லெப்பர்டு முதல் கூடவே வரும் டெக்ஸ்ட்எடிட் டாக்எக்ஸையும் ஓடிடியையும் திறக்கும்.

திறக்கிறது, ஆனால் பக்கங்கள் தள்ளிப்போகின்றன

அங்கே பதினைந்து பக்கம், இங்கே பதினேழு. அனுப்பியவரின் எழுத்துரு உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். காலிப்ரி 2007 இல் வந்தது, அதை உங்கள் எக்ஸ்பியில் தேடினால் எங்கே கிடைக்கும்? லிப்ரெஆபிஸ் 4.4 முதல் காலிப்ரியின் அதே அகலத்தில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவின் அகலத்தில் கலேடியா என்று இரண்டைச் சேர்த்தே தருகிறது, அதனால் வரிகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். மற்ற எழுத்துருவாக இருந்தால், தோற்றம் முக்கியமென்றால் அனுப்புகிறவரிடம் பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். எக்ஸ்பியில் அதைத் திறக்க சுமத்ராபிடிஎஃப் 3.1.2 போதும், அதற்குப் பிந்தைய பதிப்புகள் எக்ஸ்பியில் ஓடாது.

விண்டோஸே எழுந்திருக்கவில்லை, நிறுவ சிடியும் இல்லை

இந்த நிலையில் லினக்ஸுக்கு மாறிவிடுவது நல்லது. 32 பிட் கணினிக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி போன்றவை இன்னும் இருக்கின்றன. பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. டெபியனே 2025 இல் வந்த 13 ஆம் பதிப்போடு 32 பிட் கணினியில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. லினக்ஸில் அபிவேர்டு தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும். தொடங்கும்போதே "பிஏஇ (பிராசசரின் ஒரு நினைவக வசதி) இல்லை" என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் நின்றுவிட்டால் அது பென்டியம் எம் கணினியாக இருக்கலாம். பூட் வரியின் கடைசியில் "ஃபோர்ஸ்பிஏஇ" (forcepae) என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பிராசசருக்கு அந்தத் திறமை இருக்கும், வெளியே சொல்லாமல் இருக்கும். பென் டிரைவிலிருந்து எழுந்திருக்காத கணினி என்றால் சிடியில் எழுதித்தான் போட வேண்டும், 2003 ஐ ஒட்டிய கணினிகளில் அது சகஜம்.

எல்லாம் ஓடுகிறது, அச்சுப்பொறி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை

புதிய அச்சுப்பொறிகளுக்கு எக்ஸ்பி டிரைவர் கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். லிப்ரெஆபிஸிலும் ஓப்பன்ஆபிஸிலும் கருவிப்பட்டையிலேயே பிடிஎஃப் ஆக மாற்றும் பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் எழுத்துருவையும் உள்ளே பொதிந்து கொடுத்துவிடும். அந்த பிடிஎஃப்பை ஃபேட்32 பென் டிரைவில் போட்டு, அச்சுப்பொறி இணைந்திருக்கும் வேறு கணினிக்குக் கொண்டுபோங்கள். அங்கே உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பு கொம்பின் இடத்திலேயே நிற்கும். நண்பரின் அந்த 512 எம்பி மடிக்கணினி இன்றைக்கும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரியை மட்டும் இன்னும் மாற்றவில்லை, தினமும் காலையில் தேதியை அவரே திருத்திக்கொள்கிறார்.